பிரேக் தட்டுக்கு வச்ச பொட்டு

உக்காருங்க தம்பி, உக்காருங்க. பை என்னுதுதான், மடியில வச்சிக்கிடுதேன். தென்காசிக்கா? நான் ரயில்வே கேட்டு தாண்டினதும் இறங்கிருவேன். அதுவரைக்கும் பேச்சுத்துணை ஆச்சு. ஜன்னல் ஓரம் வேணுமா? வேண்டாம்னா நல்லது. நான் ரோட்டைப் பாத்துக்கிட்டே வரணும், அப்படி ஒரு பழக்கம்.

முன்னாடி மூணாவது சீட்டுல ஊதாச் சேலை தெரியுதா? அது என் வீட்டம்மா. உலகம்மாள்னு பேரு, நான் உலகுன்னு கூப்பிடுவேன். சண்டை ஒண்ணும் இல்ல. பஸ்ஸுல எம்பக்கத்துல உக்கார மாட்டா, அவ்வளவுதான். டிரைவரைக் கொறை சொல்லிக்கிட்டே வாரேனாம், அவளுக்குத் தலைவலி வருதாம். சொல்லாம எப்படி இருக்கது? இவனையே பாருங்க. முன்னால லாரி போறது அரைக் கிலோமீட்டருக்கு முந்தியே தெரியுது. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தாலே வண்டி தானா தணியும். இவன் கிட்ட போறவரைக்கும் மிதிச்சிட்டு, கடைசியில போய் பிரேக்கைக் குத்துதான். பிரேக் எத்தனை நாளைக்குத் தாங்கும், நீங்களே சொல்லுங்க.

எனக்கு இதெல்லாம் அத்துப்படி தம்பி. முப்பத்தோரு வருசம் பஸ்ஸுலயே கிடந்தவன். கண்டக்டரா சேந்து செக்கிங் இன்ஸ்பெக்டரா ரிட்டயர் ஆனேன். ஆவுடையப்பன்னு சொன்னா இந்த ரூட்டுல பழைய ஆளுக எல்லாருக்கும் தெரியும். நடுவழியில கையைக் காட்டி ஏறுவேன், வண்டியே கப்சிப்னு ஆயிரும். டிக்கெட் எடுக்காதவன் எவன்னு மூஞ்சியைப் பாத்தே சொல்லிருவேன். நான் எழுதின மெமோவை அடுக்கினா இந்தப் பஸ் உசரத்துக்கு வரும். ஒண்ணுகூடத் தப்புன்னு திரும்பி வந்தது கிடையாது. அப்பேர்ப்பட்ட என்னைப் பாத்து ஒரு மெக்கானிக், தப்பு உங்க பேர்லதான் அண்ணாச்சிங்கான். ஒரு வருசம் ஆச்சு. இன்னும் எனக்கு ஆறல.

இன்னைக்கு ஆயுத பூஜைலா, அதான் எல்லாம் ஞாபகம் வருது. பஸ்ஸு முன்னால வாழக்கன்னு கட்டியிருக்கான், கண்ணாடியில சந்தனம் குங்குமம் வச்சிருக்கான். யாராவது கேக்காங்களா? கண்ணாடியில பொட்டு வச்சா டிரைவருக்கு ரோடு மறைக்காதான்னு எவனாவது கேட்டானா? கேக்க மாட்டான். நான் பொட்டு வச்சா மட்டும் ஊரே கூடிக் கேக்கும்.

சொல்லுதேன், கேளுங்க. எங்கிட்ட ஒரு வெள்ளைக் கார் இருக்கு. ரிட்டயர் ஆன அன்னைக்கு வாங்கினது. காருக்குன்னு தனியா ஒரு நோட்டுப் போட்டிருக்கேன். என்னைக்குக் காத்து அடிச்சேன், என்னைக்கு ஆயில் மாத்தினேன், வைப்பர்ல ரப்பர் என்னைக்குப் பிஞ்சது, எல்லாம் அதுல இருக்கும். அந்த அளவுக்குப் பாக்கிறவன் நான். போன வருசம் புரட்டாசியில பிரேக் மிதிக்கும்போதெல்லாம் கீச்சு கீச்சுன்னு ஒரு சத்தம். தளவாய்ட்ட கொண்டு போனேன். தளவாய் யாருன்னா, நான் சொன்னேம்லா அந்த மெக்கானிக், அவன்தான். கேட்டுக்கு அந்தப் பக்கம் பட்டறை வச்சிருக்கான். நாப்பது வயசு இருக்கும். நல்ல வேலைக்காரன், அதை நான் இல்லைங்கல. வருசா வருசம் அவன் பட்டறை பூஜையில மொதச் சூடம் நான்தான் கொளுத்துவேன். அண்ணாச்சி வரட்டும்னு ஐயரையே காக்க வைப்பான்.

அவன் முன்சக்கரம் ரெண்டையும் கழத்திக் காட்டினான். சக்கரத்துக்கு உள்ள எவர்சில்வர் தட்டு மாதிரி ஒண்ணு இருக்கும் தம்பி, டிஸ்க்கும்பாங்க. நான் தட்டுன்னே சொல்லுவேன். சக்கரத்தோட சேந்து அது சுத்தும். நாம பெடலை மிதிச்சா ரெண்டு பக்கத்துல இருந்தும் ரெண்டு கட்டை வந்து அதை இறுக்கிப் பிடிக்கும். அந்தக் கட்டைதான் பேடு. எங்க பேடு தேஞ்சு பிஸ்கட் கனத்துக்கு வந்திருச்சு. கீச்சுன்னு சத்தம் போட்டது, என்னை மாத்துன்னு அது சொல்லுததாம். தட்டும் தேஞ்சு ஓரத்துல வரப்பு கட்டியிருந்தது. சரிப்பான்னேன். தட்டு, பேடு, எல்லாம் புதுசு போட்டான். பிரேக் ஆயில் கடுங்காப்பி நிறத்துக்குப் போயிருக்குன்னு அதையும் மாத்தினான். கடைசியில ஒண்ணு சொன்னான். அதைக் கவனிச்சிக்கிடுங்க, அதுதான் முக்கியம். புது பேடு அண்ணாச்சி, தட்டோட பழகறதுக்கு ஒரு எரநூறு கிலோமீட்டர் ஆகும், அதுவரைக்கும் கொஞ்சம் பிடிப்பு கம்மியாத்தான் தெரியும், மெதுவாப் போங்கன்னான். நோட்டுல எழுதிக்கிட்டேன்.

இது நடந்து ரெண்டாம் நாள் ஆயுத பூஜை. எங்க தெருவுல எல்லாரும் என்ன செய்வான்? பக்கெட் தண்ணியை மேல ஊத்துவான், பானட்டுல ஒரு விபூதிப் பட்டை அடிப்பான், ஒரு மாலையைப் போடுவான், முடிஞ்சது பூஜை. நான் அப்படி இல்ல. ஜாக்கி போட்டு நாலு சக்கரத்தையும் கழத்தி உள்ள புறம் கழுவினேன். உலகு வாசல்ல நின்னு, போதும் வாங்க, சக்கரத்துக்கு உள்ள எந்தச் சாமி வந்து பாக்கப் போவுதுன்னா. நான் கேக்கல. ஒரு வேலைன்னா முழுசாச் செய்யணும்.

கழுவிட்டுச் சாப்பிடப் போயிட்டேன். மத்தியானம் வந்து பாக்கேன், தட்டு ரெண்டும் துரு. மூணு நாள் ஆகாத புதுத் தட்டு தம்பி, செம்மண் பூசினாப்புல நிக்குது. எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. தளவாய் மட்டமான தட்டைப் போட்டுட்டானேன்னு நினைச்சேன். அவன் பின்னாடி சொன்னான், இரும்புத் தட்டு ஈரம் பட்டா ஒரு மணி நேரத்துல அப்படித்தான் ஆகும், வண்டியை எடுத்து நாலு தடவை பிரேக் பிடிச்சா தானா போயிரும்னு. பின்னாடி சொல்லி என்ன பிரயோசனம்? பூஜைக்குச் சாயங்காலம் நாலு பேரு வருவான். துருவோட எப்படி நிக்க வைக்கது? அடுக்களையில போய் தேங்கா எண்ணெயை எடுத்தேன். பழைய பனியன் துணியில நனைச்சு ரெண்டு தட்டையும் தேச்சேன். தேச்சேன்னா அப்படித் தேச்சேன், மூஞ்சி பாக்கலாம். அதுக்கு மேல தட்டுக்கு மூணு மூணு சந்தனப் பொட்டு, நடுவுல குங்குமம். சக்கரத்தை மாட்டினா ஓட்டை வழியா அந்தப் பொட்டு தெரியும் பாருங்க, அப்படி ஒரு லட்சணம். தெருவுல எல்லாரும் குனிஞ்சு குனிஞ்சு பாத்தான். ஏட்டு ஒருத்தர் போட்டோகூடப் பிடிச்சார்.

பூஜை போட்ட ஆயுதத்தை அன்னைக்கு எடுக்கக் கூடாதுலா. வண்டி ராத்திரி முழுக்க அப்படியே நின்னுது. மறுநாள் விஜயதசமி. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சு, உலகைப் பக்கத்துல ஏத்தி, தென்காசிக் கோயிலுக்குன்னு கிளம்பினோம். தெரு முக்குல பிரேக் மிதிச்சேன், வண்டி நிக்கல, கொஞ்சம் வழுக்கிப் போய் நின்னுது. உலகு என்னங்கன்னா. நான் சொன்னேன், புது பேடு, பழகற வரைக்கும் அப்படித்தான் இருக்கும், தளவாய் சொல்லியிருக்கான். நோட்டுல இருக்குன்னு வேற சொன்னேன். அவ சீட் பெல்ட்டை இழுத்து இறுக்கிக்கிட்டா.

பாலத்து இறக்கம் வந்துச்சு. குறுக்க ஒரு டிராக்டர், வாழத்தார் ஏத்தினது, நடுரோட்டுல திரும்பிக்கிட்டு நிக்கான். மிதிச்சேன். நல்லாக் கேட்டுக்கிடுங்க, பெடல் கல்லு மாதிரி நிக்கி. கீழ போகல. நான் ரெண்டு காலையும் வச்சு ஏறி மிதிக்கேன், பெடல் கல்லு மாதிரி நிக்கி, வண்டி பாட்டுக்குப் போகுது. பின்சக்கரம் மட்டும் கீறிக்கிட்டு வருது. டிராக்டர்ல போய் முட்டிரக் கூடாதுன்னு இடதுபக்கம் ஒடிச்சு, செங்கல் அடுக்கியிருந்தாங்க, அதுல விட்டேன். எனக்கு ஒண்ணும் இல்ல. உலகு கையை முன்னால ஊனிட்டா. மணிக்கட்டு ஒடிஞ்சு போச்சு.

அந்தச் சத்தத்தை நான் கேட்டேன் தம்பி. செங்கல் சரியிற சத்தத்துக்கு நடுவுல அது தனியாக் கேட்டுச்சு.

சரி. விடுங்க. அதுக்கு அடுத்த வாரம் பட்டறைக்குப் போனேன். வண்டியை அதுக்கு முந்தியே இழுத்துட்டுப் போய் அங்க போட்டிருந்தாங்க. சும்மா போவேனா? நோட்டை எடுத்துக்கிட்டுப் போனேன். பட்டறையில ஒரு எட்டுப் பத்துப் பேர் இருந்தாங்க. உலகும் கையில கட்டுப் போட்டுக்கிட்டுக் கூட வந்தா, வேண்டாம்னு சொல்லியும் வந்தா. நான் எல்லார் முன்னாலயும் கேட்டேன். டூப்ளிகேட் பேடு போட்டியாடா, உண்மையைச் சொல்லுன்னு கேட்டேன். அவனுக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு. கோவிச்சுக்கிடல. ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“அண்ணாச்சி, மிதிச்சப்ப பெடல் பஞ்சு மாதிரி உள்ள போச்சா, கல்லு மாதிரி நின்னுச்சா?”

முப்பத்தோரு வருசம் சாட்சி சொல்லிப் பழகினவன் நான். கல்லு மாதிரின்னேன். ஒரு தடவைக்கு மூணு தடவை அழுத்திச் சொன்னேன், எல்லாரும் கேக்கட்டும்னு. அவன் தலையை ஆட்டிக்கிட்டான். பஞ்சு மாதிரி போனா காத்துப் புகுந்திருக்கும், இல்ல ஆயில் ஒழுகியிருக்கும், அது என் தப்பு அண்ணாச்சி, கல்லு மாதிரி நின்னா பேடு போய் நல்லாத்தான் பிடிக்கி, பிடிச்ச இடம் வழுக்கியிருக்குன்னான். தட்டுல எதாவது பட்டுச்சான்னு கேட்டான். எங்கிட்டயே கேக்கான் தம்பி, நான் வண்டியைச் சரியா வச்சிக்கலங்கிற மாதிரி. எனக்கு வந்த கோவத்துல நோட்டைத் திறந்தேன். பாருங்கடா, இதைவிட ஒருத்தன் வண்டியைப் பாத்துக்கிட முடியுமான்னு சத்தமா வாசிச்சேன். காலையில நாலு சக்கரமும் கழற்றிக் கழுவியது. மதியம் முன்தட்டு இரண்டிலும் துரு கண்டது. தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துரு எடுத்தது. சந்தனம், குங்குமம் இட்டது.

பட்டறையே சிரிச்சிருச்சு. ஒருத்தன் ஸ்பேனரைக் கீழ போட்டுட்டுச் சிரிக்கான். தளவாய் மட்டும் சிரிக்கல. உள்ள போய், கழத்தின பேடைக் கொண்டாந்து எங்கையில குடுத்தான். எண்ணெய் ஊறிக் கறுத்துப் போயி, ஓரத்துல குங்குமம் அப்பியிருந்துச்சு. மோந்து பாருங்க அண்ணாச்சின்னான். நான் மோக்கல. எதுக்கு மோக்கணும்?

நான் கேட்டேன், ஏன்டா, பிரேக்குக்கே ஆயில்தான ஊத்துத? டப்பாவுல பிரேக் ஆயில்னுதான எழுதியிருக்கான்? நீ ஊத்தினா மருந்து, நான் தடவினா விசமா? நியாயமான கேள்விதான? அவன் சொல்லுதான், அந்த ஆயில் குழாய்க்கு உள்ளயே நின்னு பேடைத் தள்ளுறதுக்கு, வெளிய ஒரு சொட்டுப் படக் கூடாது, தட்டும் பேடும் காஞ்சு உரசினாத்தான் வண்டி நிக்குமாம். தட்டைக் கழுவித் துடைச்சுத் திரும்ப மாட்டினான். பேடு எண்ணெயைக் குடிச்சிருச்சு, இனி உதவாதுன்னு தூக்கிப் போட்டுட்டு வேற போட்டான். போடட்டும். எத்தனை வண்டிக்கு எத்தனை பேரு சந்தனம் வைக்கான், எல்லா வண்டியுமா செங்கல்லுல போய் முட்டுது? என் வண்டி மட்டும் முட்டுதுன்னா பேடுல ஏதோ இருக்கத்தான செய்யும்? அவன்ட்ட இதையும் கேட்டேன்.

அப்பதான் உலகு வாயத் திறந்தா. அவ்வளவு நேரமும் ஒரு ஸ்டூல்ல உக்காந்து, கட்டுப் போட்ட கையை மடியில வச்சிக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருந்தா.

“அந்த எண்ணெயைத் தேச்சது நான்தான், தப்பு என்னுதுதான்னு தளவாய்ட்ட உங்க வாயால என்னைக்குச் சொல்லுதீங்களோ, அன்னைக்கு நான் உங்க கார்ல ஏறுதேன்.”

அவ்வளவுதான் சொன்னா. எழுந்திரிச்சு ரோட்டைத் தாண்டிப் போய் பஸ்ஸுக்கு நின்னா. நான் காரை எடுத்துட்டு அவ பக்கத்துல போய் ஹாரன் அடிச்சேன், திரும்பிப் பாக்கல. அன்னையில இருந்து இந்தப் பஸ்ஸுதான். ஆசுபத்திரிக்குப் பஸ்ஸு. மகள் வீட்டுக்குப் பஸ்ஸு. மழையில நனைஞ்சுக்கிட்டு நிப்பா, காரு வாசல்ல நிக்கும். வீட்டுல நல்லாத்தான் பேசுதா. சோறு போடுதா, மாத்திரை எடுத்துத் தாரா. தேங்கா துருவும்போது மட்டும் கையை உதறிக்கிடுவா. உதறிட்டு என்னைப் பாக்க மாட்டா. பாத்துத் திட்டினாலாவது பரவால்ல.

நான் பேட்டரி இறங்கிரக் கூடாதேன்னு ஞாயித்துக்கிழமை காரை எடுத்துப் பாலம் வரைக்கும் போயிட்டு வருவேன். பக்கத்து சீட்டு காலியாக் கிடக்கும். அவ சேலை நுனி மாட்டிக்கிடக் கூடாதேன்னு கதவை நான்தான் எப்பவும் போய்ச் சாத்துவேன், இப்பம் அதுக்கு வேலையே இல்ல. எனக்கு ஓட்டவே பிடிக்கல தம்பி, உண்மையைச் சொல்லுதேன். ஆனா அதுக்காக? செய்யாத தப்பை ஒத்துக்கிடச் சொல்லுதா பாருங்க, அதுதான் என்னால முடியாது. ஒரு வருசமா முடியலன்னுட்டேன். இனியும் முடியாது.

இப்பம் எங்க போறோமா? தளவாய் பட்டறை பூஜைக்குத்தான். அவ போறா. கையொடிஞ்சு கிடந்தப்ப அவன் வீட்டுல இருந்துதான் பாதி நாள் சோறு வந்துச்சு, அதனால அவ போறா. நான் எதிர்த்தாப்புல டீக்கடையில நிப்பேன். அவ தனியா வரணுமேன்னு கூட வாரேன். பையில என்னவா? தேங்கா, பழம், சூடம். அவ வாங்கச் சொன்னா. சூடம் மட்டும் நானா வாங்கினேன். நோட்டும் இருக்கு, சும்மாதான் எடுத்து வச்சேன்.

இந்த வருசப் பூஜையா? காலையிலயே முடிச்சிட்டுத்தான் வாரேன். இந்தா, நோட்டுல பாருங்க, இன்னைக்குத் தேதி. நாலு சக்கரமும் கழற்றிக் கழுவியது. முன்தட்டு இரண்டும் காய்ந்த துணியால் துடைத்தது. அவ்வளவுதான் எழுதியிருக்கா? ஆமா. துடைச்சிட்டுத் தெருவுல ரெண்டு சுத்து ஓட்டி நாலு தடவை பிரேக் பிடிச்சேன், துரு போயிருச்சு. அதுக்கு அப்புறம்தான் பூஜை போட்டேன். பானட்டுக்குச் சந்தனம் வச்சேன், ஸ்டியரிங்குக்கு வச்சேன். தட்டுக்கு வைக்கல. எண்ணெயும் போடல.

சிரிக்கீங்களே, எதுக்குச் சிரிக்கீங்க? எண்ணெய் தீந்து போச்சு, அதனால போடல. கடைக்குப் போக நேரமில்ல. அவன் சொன்னதைக் கேட்டுப் போடாம விட்டேன்னு நினைச்சீங்களா? நீங்களும் அவங்க கட்சிதானா? அப்பம் தளவாய் சொன்னது சரின்னு சொல்லுதீங்க. இந்தா பாருங்க தம்பி, நான் எதையாவது மறைச்சேனா? எண்ணெயைத் தேச்சது நான்தான். அடுக்களையில இருந்து எடுத்து, ரெண்டு தட்டுக்கும், நான்தான் தேச்சேன், வேற எவனும் தேய்க்கல. எங்கையாலதான் தேச்சேன். அவ கை ஒடிஞ்சதுக்கு, ஆமா, நான்தான் காரணம். அதுக்கென்ன இப்பம்?

என்ன, எல்லாரும் திரும்பிப் பாக்கான். வண்டி நின்னுட்டா? கேட்டு போட்டிருக்கா? எஞ்சினை எப்பம் அணைச்சான் இவன்? ஒரு சத்தத்தையும் காணோம். நான் ரொம்பச் சத்தமாவா பேசிட்டேன்?

தம்பி, அங்க பாருங்க. ஊதாச் சேலை. திரும்பிட்டாளா? நடுவுல ஆளு மறைக்கான், எனக்குச் சரியாத் தெரியல. மூஞ்சி எப்படி இருக்கு? கோவமாவா இருக்கா?

எழுந்திரிச்சு வாரா. வரட்டுமே, எனக்கென்ன. என்ன உலகு? கேட்டு திறந்ததும் இறங்கணும், தெரியும். பை எங்கிட்டதான் இருக்கு. என்ன?

கேட்டீங்களா தம்பி, என்ன சொல்லுதான்னு? “இதே சத்தத்துல அங்கயும் சொல்லுங்க”ங்கா. வேற ஒண்ணும் இல்ல, அதை மட்டும் சொல்லிட்டுப் படிக்கட்டுக்குப் போறா. கை வலிக்கும், அந்தக் கம்பியை இடது கையால பிடிக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்.

சொல்லுவேன். ஏன் சொல்ல மாட்டேன்? பயமா எனக்கு? பட்டறைக்கு நடுவுல நின்னு இதைவிடச் சத்தமாச் சொல்லுவேன். முப்பத்தோரு வருசம் ஓடுற பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் பேசின தொண்டை இது. ஐயரு காத்துக்கிட்டு நிப்பாரு, வழி விடுங்க. காலைக் கொஞ்சம் எடுங்க தம்பி. சூடத்தைக் கொளுத்திட்டுச் சொல்லுதேன், இல்ல, சொல்லிட்டே கொளுத்துதேன். ஆனா மன்னிப்புக் கேட்டேன்னு மட்டும் எவனும் நினைச்சிரக் கூடாது. நீங்க சாட்சி.